கையைப் பின்னால் இழுத்தால் போதுமா? கணத்தாக்குப் பாடத்தில் விடுபட்ட பாதி

கணத்தாக்குப் பாடத்துக்கென்றே நிரந்தரமாக ஒரு ஆள் இருக்கிறார். வேகமாக வரும் பந்தை, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கும் ஃபீல்டர். என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அவர் உண்டு. தமிழ்வழிப் புத்தகத்தில் உண்டு. யூடியூபில் யார் இந்தப் பாடத்தை நடத்தினாலும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுவார். அவருக்குத் துணையாக மணலில் குதிக்கும் உயரம் தாண்டும் வீரர், வைக்கோலில் சுற்றி வைத்த பீங்கான் பாத்திரம், வண்டியின் ஷாக் அப்சார்பர்.

எல்லோருக்கும் ஒரே விளக்கம்தான்: நேரம் கூடினால் விசை குறையும்.

இந்த விளக்கத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இது பாதி விளக்கம். மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் பரீட்சையில் ஒரு மார்க்கும் குறையாது. ஆனால் ‘வேகம் இரண்டு மடங்கானால் அடி எத்தனை மடங்காகும்?’ என்ற கேள்விக்கு மனதில் தவறான பதில் உட்கார்ந்துவிடுகிறது. தினமும் இருசக்கர வண்டியில் போகிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

பாடம் சொல்வது

முதலில் பாடத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். ஒரு விசை அந்தப் பொருள்மேல் கொஞ்ச நேரம் செயல்பட்டால் உந்தம் மாறும். விசையையும் அது செயல்பட்ட நேரத்தையும் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. கணத்தாக்கு எவ்வளவோ, உந்த மாற்றமும் அவ்வளவு. அவ்வளவுதான் பாடம்.

கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம், அதாவது 0.16 கிலோ. அது விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வருகிறது. உந்தம் 0.16 × 30 = 4.8. இதைப் பூஜ்யமாக்க 4.8 நியூட்டன்-விநாடி கணத்தாக்கு வேண்டும். 480 நியூட்டன் விசையை 0.01 விநாடிக்குக் கொடுக்கலாம். 48 நியூட்டன் விசையை 0.1 விநாடிக்கும் கொடுக்கலாம். பெருக்கினால் இரண்டும் ஒன்றே. இரண்டாவது வழியில் கை வலிக்காது. ஃபீல்டர் கெட்டிக்காரர், பாடம் முடிந்தது.

இந்தக் கருத்தில் உண்மையிலேயே ஒரு அழகு இருக்கிறது. பந்து கையில் பட்ட அந்த நேரத்துக்குள் விசை எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. விசையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் அந்தக் கோடு மலைபோலக் கோணல்மாணலாக இருக்கட்டும். கோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு 4.8 ஆகத்தான் இருக்கும். உள்ளே நடந்ததைப் பார்க்காமலே, முன்னும் பின்னும் உள்ள உந்தத்தை வைத்துக் கணக்கை முடித்துவிடலாம். மோதல் கணக்குகளுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

அந்த 0.1 விநாடியைச் சோதிப்போம்

இப்போது 0.1 விநாடி என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். இது நான் போட்ட எண்தான். ஆனால் வகுப்பில் கரும்பலகையில் சர்வசாதாரணமாகப் போடப்படும் எண் இது. 0.01, 0.1 என்று போட்டால் வகுப்பதற்கு வசதி, இல்லையா?

பந்து 30 மீட்டர் வேகத்தில் வந்து சீராகக் குறைந்து நிற்கிறது என்றால் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர். 0.1 விநாடியில் அது போகும் தூரம் 1.5 மீட்டர். அதாவது பந்தைத் தொட்ட இடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் கை போக வேண்டும்! எந்த ஃபீல்டருக்கும் அவ்வளவு நீளக் கை கிடையாது.

சரி, கை நடைமுறையில் எவ்வளவு போகும்? 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.3 மீட்டரை 15 ஆல் வகுத்தால் நேரம் 0.02 விநாடி. விசை 4.8 ÷ 0.02 = 240 நியூட்டன். கையை விறைப்பாக வைத்திருந்தால்? உள்ளங்கைச் சதையும் மணிக்கட்டும் சேர்ந்து 3 செ.மீ. விட்டுக்கொடுக்கும் என்று வைப்போம். அப்போது நேரம் 0.002 விநாடி, விசை 2,400 நியூட்டன்.

இந்தச் சின்னக் கணக்கில் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஃபீல்டர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் இருப்பது தூரம். பந்து நிற்பதற்கு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறார் என்பதுதான் அவர் கையில் இருக்கிறது. நேரம் என்பது அந்தத் தூரமும் பந்தின் வேகமும் சேர்ந்து தருகிற விளைவு. ‘நேரத்தைக் கூட்டுகிறார்’ என்று பாடம் சொல்லும்போது, விளைவைக் காரணம்போலச் சொல்லிவிட்டுப் போகிறது.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இரண்டு வேகங்களை ஒப்பிட்டுப் பாருங்க, தெரியும்.

அதே பந்து, பாதி வேகம், விநாடிக்கு 15 மீட்டர். உந்தம் 2.4. கை போகும் தூரம் அதே 30 செ.மீ. இப்போது சராசரி வேகம் 7.5, நேரம் 0.04 விநாடி, விசை 60 நியூட்டன். முழு வேகத்தில் 240, பாதி வேகத்தில் 60. வேகம் இரண்டு மடங்கானபோது விசை நான்கு மடங்கானது.

பாடத்தை மட்டும் படித்த மாணவர் என்ன சொல்வார்? உந்தம் இரண்டு மடங்கு, அதனால் விசையும் இரண்டு மடங்கு என்பார். நேரம் மாறாமல் இருந்தால் அது சரி. ஆனால் நேரம் மாறாமல் இருக்காது. வேகமாக வரும் பந்து அதே 30 செ.மீ. தூரத்தைப் பாதி நேரத்தில் கடந்துவிடும். உந்தம் இரட்டித்தது, நேரம் பாதியானது. இரண்டும் சேர்ந்து நான்கு.

இதையே ஆற்றல் வழியாகவும் பார்க்கலாம். முழு வேகத்தில் பந்தின் இயக்க ஆற்றல் 72 ஜூல். 0.3 மீட்டரால் வகுத்தால் 240 நியூட்டன். பாதி வேகத்தில் 18 ஜூல், வகுத்தால் 60 நியூட்டன். அதே விடைகள். விசையை நேரத்தால் பெருக்கினால் உந்தக் கணக்கு. அதே விசையைத் தூரத்தால் பெருக்கினால் ஆற்றல் கணக்கு. விசை சீராக இருக்கும்போது இரண்டும் ஒரே எண்ணைத் தரும். விசை ஏறி இறங்கினால் இரண்டு சராசரிகளும் கொஞ்சம் வேறுபடும். ஆனால் நான்கு மடங்கு என்ற சாரம் பெரிதாக மாறாது.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தூரம்

இதைப் பந்தோடு விட்டுவிட்டால் வெறும் கணக்காகப் போய்விடும். ஹெல்மெட்டுக்கு வருவோம்.

ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது வெளியே மின்னும் ஓடு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை அடுக்கும்தான். அது நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது. தலை நிற்பதற்கு அது கொடுக்கும் இடம் சில சென்டிமீட்டர். மொத்தமே அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஈசிஇ 22.05 என்ற தரநிலையில், பொம்மைத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்பு அடைகல்லின்மேல் மோத விடுவார்கள். தலையின் எதிர்முடுக்கம் 275 ஜி-யைத் தாண்டக் கூடாது. (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்.) 7.5 மீட்டர் என்பது மணிக்கு 27 கி.மீ.தான். கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் வேகம்.

நுரை 2 செ.மீ. சீராக நசுங்குகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் எதிர்முடுக்கம் சுமார் 143 ஜி. நேரம் 0.005 விநாடிதான். ஹெல்மெட் இல்லாமல் தலை நேராகத் தார்ச்சாலையில் பட்டு 2 மி.மீ. மட்டும் இடம் கிடைத்தால் சுமார் 1,430 ஜி. 2 செ.மீ. நுரை செய்கிற உபகாரம் இது.

இப்போது மோதும் வேகத்தை இரட்டிப்போம். விநாடிக்கு 15 மீட்டர், மணிக்கு 54 கி.மீ. அதே 2 செ.மீ. பாடத்து வழியில் யோசித்தால் 286 ஜி வரும், எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது என்று தோன்றும். உண்மையான கணக்கில் 573 ஜி. எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதைப் பழைய 143 ஜி-க்குக் கொண்டுவர நுரை 8 செ.மீ. நசுங்க வேண்டும். அப்படி ஒரு ஹெல்மெட் செய்தால் தலை பூசணிக்காய் அளவுக்கு வந்துவிடும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டி 54 கி.மீ. வேகத்தில் போனால் தலை எப்போதும் அதே வேகத்தில் மோதும் என்று அர்த்தம் இல்லை. சறுக்கி விழும்போது தரையை நோக்கிய வேகம் பெரும்பாலும் விழுந்த உயரத்தைப் பொறுத்தது. ஹெல்மெட் உயிர் காப்பது அங்கேதான். ஆனால் எதிரே மின்கம்பமோ லாரியோ இருந்தால், போகும் வேகமே மோதும் வேகம்.

சாலையோரத்தில் குவித்து விற்கும் தொப்பி மாதிரியான ஹெல்மெட்டுகளை உள்ளே திருப்பிப் பாருங்க. பலவற்றில் துணிக்கு அடியில் மெல்லிய பஞ்சுதான் இருக்கும். வெளியே பார்க்க அதுவும் ஹெல்மெட்தான், போலீஸ் கண்ணுக்கும் அது போதும். நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 4151 என்ற தரநிலை இருக்கிறது. அந்த முத்திரை உண்மையில் சொல்வது, உங்கள் தலைக்கு நிற்க எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைத்தான். ‘நேரம் கூடினால் விசை குறையும்’ என்று மட்டும் படித்தவருக்கு ஹெல்மெட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. கடையில் நேரத்தை அளந்து பார்க்க முடியாது, நுரையின் தடிமனை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

இது பழைய சண்டை

வேடிக்கை என்னவென்றால், நேரமா தூரமா என்ற இந்தக் குழப்பத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

டெகார்ட் 1644இல், உலகத்தில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவு மாறாது என்றார். அவர் கணக்கில் அது பொருளின் பருமன் பெருக்கல் வேகம். திசையைச் சேர்க்கவில்லை. 1660களின் கடைசியில் ஹைகன்ஸ், வாலிஸ், ரென் ஆகியோர் மோதல்களை ஆராய்ந்தபோது திசையைச் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும் என்பது தெளிவானது. 1686இல் லைப்னிட்ஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்து, டெகார்ட் சொன்ன அளவே தவறு, நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்றார். நகரும் பொருளின் உண்மையான ‘பலம்’ எது என்பதுதான் சண்டை. வேகமா, வேகத்தின் வர்க்கமா?

1720களில் ஹாலந்தின் க்ராவெசாண்டே களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். ஒரே அளவு, வேறு வேறு எடை, வேறு வேறு உயரம். நிறையும் உயரமும் பெருக்கினால் சமமாக வந்த குண்டுகள் சமமான குழியை உண்டாக்கின. விழும் உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதம் என்பதால், களிமண் லைப்னிட்ஸ் பக்கம் சாய்ந்தது. எமிலி து ஷாத்லே 1740இல் வெளியிட்ட தன் இயற்பியல் நூலில் இந்தக் கட்சியைத் தூக்கிப் பிடித்தார். 1743இல் தலாம்பேர், இது வார்த்தைச் சண்டை என்று ஒதுக்கினார். இன்று நமக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வேறு வேறு கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னார்கள். எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்றால் உந்தம். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றால் ஆற்றல்.

அந்தக் களிமண்தான் இன்றைய ஹெல்மெட் நுரை. பாடப்புத்தகம் உந்தத்தை ஒரு அத்தியாயத்திலும் ஆற்றலை இன்னொரு அத்தியாயத்திலும் வைத்துவிட்டு, இரண்டும் ஒரே மோதலைத்தான் பேசுகின்றன என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இன்னொரு வரலாற்று விஷயம். இரண்டாம் விதியிலிருந்து கணத்தாக்கை வருவிப்பதுதான் வழக்கம். ஆனால் நியூட்டன் 1687இல் எழுதிய இரண்டாம் விதியில் முடுக்கம் என்ற சொல் இல்லை. இயக்கத்தின் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு விகிதம் என்பதுதான் அதன் பொருள். அவருடைய ‘இயக்கம்’ என்பது நம் உந்தம். ஆக அவர் எழுதியது, ஏறக்குறைய நாம் இன்று கணத்தாக்கு என்று சொல்வதைத்தான். நிறை × முடுக்கம் என்ற வடிவத்தைப் பொது விதியாக நிறுத்தியது 1750 வாக்கில் ஆய்லர். நாம் கிளைப்பாடமாக வைத்திருப்பதுதான் மூலப்பாடம்.

கணம் என்ற சொல்

சொல்லைப் பற்றியும் ஒரு குறை. ‘கணத்தாக்கு’ என்றால் கண நேரத்தில் விழும் அடி என்றுதான் காதில் விழுகிறது. சம்மட்டி அடி, பேட் அடி போன்றவற்றுக்குப் பொருத்தம்தான். ஆனால் விசை × நேரம் என்ற வரையறையில் நேரம் சின்னதாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

நாசாவின் டான் விண்கலத்தைப் பாருங்கள். 2007இல் கிளம்பி 2011இல் வெஸ்டாவையும் 2015இல் சீரிஸையும் அடைந்தது. அதன் அயனி எஞ்சின் தள்ளும் விசை அதிகபட்சம் சுமார் 0.09 நியூட்டன். இரண்டு ஏ4 தாளைக் கையில் வைத்தால் தெரியும் எடை. ஆனால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 6 ஆண்டுகள் அந்த எஞ்சின் தள்ளியது. கலத்தின் திசைவேகத்தில் மொத்தமாக விநாடிக்கு 11 கி.மீ. அளவுக்கு மாற்றத்தை உண்டாக்கியது. இதுவும் கணத்தாக்குதான். ஆனால் இதில் கணமும் இல்லை, தாக்கும் இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு.

சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது நிலைத்துவிட்டது. சம்மட்டிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு உதாரணத்தையும் வைத்தால் போதும்.

திரும்பி வரும் பந்து

தூரத்தைப் பேசுவதால் கணத்தாக்கைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆற்றலுக்குத் தெரியாத ஒன்று உந்தத்துக்குத் தெரியும்: திசை. பாடத்து உதாரணங்கள் எல்லாம் பொருளை நிறுத்துபவை என்பதால் இதுவும் அமுங்கிப்போகிறது.

30 மீட்டர் வேகத்தில் வந்த பந்தை பேட்ஸ்மேன் அதே வேகத்தில் நேராகத் திருப்பி அடித்தால் இயக்க ஆற்றல் முன்பும் 72 ஜூல், பின்பும் 72 ஜூல். ஆற்றல் கணக்கு ‘ஒன்றும் மாறவில்லை’ என்கிறது. ஆனால் உந்தம் +4.8இலிருந்து −4.8 ஆனது. மாற்றம் 9.6, பிடித்து நிறுத்துவதைப் போல இரண்டு மடங்கு.

இதை வைத்துத்தான் பெல்டன் சக்கரம் ஓடுகிறது. அமெரிக்காவின் லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற அந்த நீர்ச்சக்கரத்தில், கிண்ணங்கள் தண்ணீர்த் தாரையை நிறுத்துவதில்லை, வந்த வழியே திருப்பிவிடுகின்றன. கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓடும்போது, திரும்பிய தண்ணீர் தரையைப் பொறுத்தவரை ஏறக்குறைய அசைவற்று கீழே விழும். தன் ஆற்றல் முழுவதையும் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கும் நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்தில் 1930களிலேயே இந்த வகைச் சக்கரங்கள்தான் வைக்கப்பட்டன. தமிழ்வழிப் பாடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் இது.

எப்படிச் சொல்லலாம்

ஃபீல்டரை வெளியேற்ற வேண்டியதில்லை. அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

முதல் கேள்வி: அந்த நேரம் எங்கிருந்து வந்தது? மாணவர்களே கை போகும் தூரத்தை அளந்து, சராசரி வேகத்தால் வகுத்து, நேரத்தைக் கண்டுபிடிக்கட்டும். ஒரு ஸ்கேல் போதும்.

இரண்டாவது: பந்து இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால்? இந்தக் கேள்வியை எந்தப் பயிற்சிக் கணக்கும் கேட்பதாகத் தெரியவில்லை, ஏனென்றால் நேரத்தைக் கணக்கிலேயே கொடுத்துவிடுகிறார்கள். நேரத்தைக் கொடுக்காமல் தூரத்தைக் கொடுத்துப் பாருங்க. நான்கு மடங்கு என்ற விடை தானாக வரும். பதினாறு வயதில் அந்த விடையைத் தன் கையாலேயே போட்டுப் பார்த்த பிள்ளை, பதினெட்டு வயதில் வண்டியை முறுக்கும்போது அது நினைவுக்கு வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் இரண்டு மடங்கு என்று தப்பாக நினைத்துக்கொண்டு முறுக்காமலாவது இருக்கும்.